கேள்வி எழவில்லை



பட்ஜெட் மாதம் முடிந்ததும் நம் அலுவலகத்துக்கு ஒரு ரகக் கடிதம் வரத் தொடங்கும். இந்த முறை அது கொஞ்சம் கூடுதல். "மாலத்தீவுக்கு 600 கோடி, பூட்டானுக்கு 2,150 கோடி. எங்கள் ஊரில் நிற்கிற ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டி இன்னொன்று சேர்க்கச் சொன்னால் மட்டும் காசில்லையா?" என்று அருப்புக்கோட்டைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னொருவர் இன்லேண்ட் லெட்டரின் மடிப்புவரை எழுதித் தீர்த்து, இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காக முடித்திருக்கிறார்: தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்.

பழமொழியோடு மல்லுக்கு நிற்க முடியாது. ஆனால் அதற்குக் கீழே இருக்கிற கணக்கைப் பார்க்கலாம். நம் அபிப்பிராயத்தைச் சொல்வதைவிட, இந்த இரண்டு விஷயங்களிலும் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் என்ன பதில் சொல்லியிருக்கிறது என்று தேடிப் படிப்பது உத்தமம் என்று தோன்றியது. படித்தோம். கோபம் நியாயமானது, ஆனால் அது தப்பான வீட்டுக் கதவைத் தட்டுகிறது. இதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம்.

மக்களவை கூடும் நாட்களில் காலை 11 மணியிலிருந்து 12 வரை கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி போடுவார்கள். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது இதைத்தான். ஆனால் இன்னும் 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வருகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மக்களவை கூச்சலில் ஒத்திவைக்கப்பட்ட நாளிலும் அந்தப் பதில்கள் மேசைக்கு வந்துவிடும். கொரோனாவைக் காட்டி 2020 செப்டம்பரில் கேள்வி நேரத்தையே நிறுத்தியபோதுகூட எழுத்துப் பதில்கள் நிற்கவில்லை. மக்களவையில் ரயில்வேக்குப் புதன்கிழமை, வெளியுறவுத் துறைக்கு வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் இடைவெளிதான். ஆனால் இரண்டு துறைகளின் பதில்களையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே அரசாங்கம் எழுதியவை என்று நம்பச் சிரமமாக இருக்கிறது.

முதலில் வெள்ளிக்கிழமைச் சமாச்சாரம். 2025-26 பட்ஜெட்டில் வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 20,516 கோடி ரூபாய். அதில் பிற நாடுகளுக்கான உதவி சுமார் 5,483 கோடி. பூட்டானுக்குத்தான் பெரிய பங்கு. நேபாளத்துக்கு 700 கோடி, மாலத்தீவுக்கு 600, மொரீஷியஸுக்கு 500, மியான்மருக்கு 350, இலங்கைக்கு 300, வங்கதேசத்துக்கு 120, ஆப்கானிஸ்தானுக்கு 100. நாடு வாரியாகப் பட்டியல்; போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கும். பூட்டானுக்குப் போவது முழுக்கத் தானம் என்று நினைக்க வேண்டாம். அதில் மானியமும் உண்டு, கடனும் உண்டு. சுக்கா நீர்மின் நிலையத்தை 60 பங்கு மானியம், 40 பங்கு கடன் என்ற கணக்கில்தான் கட்டிக் கொடுத்தோம். அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தில் மிஞ்சுவதை வாங்குவதும் நாம்தான்.

ரயில்வேக்கு அதே பட்ஜெட்டில் மத்திய அரசு தந்த மூலதன ஒதுக்கீடு 2 லட்சத்து 52 ஆயிரம் கோடி. வெளிநாட்டு உதவி மொத்தத்தையும் பிடுங்கி ரயில்வேயிடம் கொடுத்தாலும், அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயோடும் இரண்டு ரூபாய் சொச்சம் சேரும். அவ்வளவுதான். காசில்லாததால் உங்கள் ஊருக்குப் பெட்டி வரவில்லை என்று யாராவது சொன்னால், அந்தக் காசு மாலேவில் இல்லை.

இதே கோபம் இங்கிலாந்திலும் உண்டு. ஒரு காலத்தில் அது நம்மைப் பற்றிய கோபமாக இருந்தது. ராக்கெட் விடுகிற நாட்டுக்கு நம் வரிப்பணம் எதற்கு என்று அங்கே கேட்டார்கள். இங்கே அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி மாநிலங்களவையில் அந்தத் தொகையை வேர்க்கடலைக்கு ஒப்பிட்டுவிட்டார். லண்டன் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டு ஆட்டமாக ஆடின. 2015ஓடு அந்த நிதியுதவி நின்றது. அதே 2015ல், தேச வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை வெளிநாட்டு உதவிக்குக் கொடுப்போம் என்று பிரிட்டன் சட்டமே இயற்றியது. 2021ல் அதை 0.5 ஆக்கினார்கள். 2027ல் 0.3 ஆக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சமாகும் பணம் ராணுவத்துக்கு. இடையில் 2023 அக்டோபரில், பர்மிங்காமிலிருந்து மான்செஸ்டருக்குப் போகவிருந்த அதிவேக ரயில் பாதையை ரத்து செய்தார் அன்றைய பிரதமர் ரிஷி சுனக். அந்த அறிவிப்பை மான்செஸ்டரிலேயே போய் நின்று செய்தார் என்பது தனிக் கூத்து. உதவியைக் குறைத்தார்கள், அதற்காக மான்செஸ்டருக்கு ரயில் வந்துவிடவில்லை.

நம் கதைக்கு வருவோம். 2025 ஏப்ரல் 6ஆம் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை அனுராதபுரத்தில் பிரதமர் மோடியும் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் மாஹோ–ஓமந்தை ரயில் பாதையைத் திறந்து வைத்தார்கள். 128 கிலோமீட்டர் பாதையைச் செப்பனிட்டது இந்திய நிதியில், 9 கோடி டாலருக்கு மேல். அங்கிருந்து கிளம்பி அதே நாளில் மண்டபம் வந்து பாம்பன் புதிய பாலத்தைத் திறந்தார் மோடி. அது 550 கோடி ரூபாய்ச் சமாச்சாரம். ஒரே மனிதர், ஒரே நாள், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தண்டவாளம், இந்தப் பக்கம் ஒரு தண்டவாளம். ஒன்று வெளிநாட்டு உதவிக் கணக்கு, மற்றது ரயில்வே கணக்கு.

அனுராதபுரத்துப் பணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "இந்திய உதவி" என்று செய்தியில் வருவதில் பெரும்பகுதி எக்ஸிம் வங்கி வழியாகப் போகும் கடன். வட்டி குறைவு, தவணை நீளம், ஆனால் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தக் கடனில் வாங்கும் பொருளிலும் சேவையிலும் முக்கால் பங்கு பொதுவாக இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. போரில் சிதைந்துபோன வடக்குப் பாதையை இர்கான் நிறுவனம் மறுபடி போட்டதும், 1990க்குப் பிறகு 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்ததும் இப்படித்தான். இர்கான் நம் ரயில்வே அமைச்சகத்தின் கம்பெனி. அதாவது கடன் கொழும்புக்கு, வேலை டெல்லிக்கு. இதைத் தானம் என்று நாமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், தானம் என்று நாமே கோபமும் படுகிறோம். அதே ஏப்ரலில், பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட கடனை மானியமாக மாற்றிவிட்டதாகவும் இந்தியா அறிவித்தது. அந்தப் பகுதியை வேண்டுமானால் தானம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இலங்கைக் கரையில், 2015 மார்ச்சில் தலைமன்னார் துறைவரை ரயில் போய்விட்டது. எதிர்க்கரையில், 1964 டிசம்பர் புயலில் போன தனுஷ்கோடிப் பாதை போனதுதான். 2019 மார்ச்சில் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். மணல்திட்டும் கடலும் மோதுகிற இடம், சுற்றுச்சூழல் தாங்காது என்று மாநில அரசு வேண்டாம் என்றது. அது நியாயமான ஆட்சேபம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 2025 ஜனவரியில் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவிடம் மதுரை–தூத்துக்குடி புதிய பாதை என்ன ஆயிற்று என்று நிருபர்கள் கேட்டார்கள். மாநில அரசே வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்றார் அமைச்சர். யார் சொன்னது என்று தமிழக போக்குவரத்து அமைச்சர் கொதித்தார். பிறகு ரயில்வே விளக்கம் கொடுத்தது: தொழிற்சாலை இரைச்சலில் தூத்துக்குடி என்றது தனுஷ்கோடி என்று காதில் விழுந்துவிட்டதாம்.

நம் அருப்புக்கோட்டை வாசகரின் பகுதி காத்திருப்பது அந்த மதுரை–தூத்துக்குடிப் பாதைக்குத்தான். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் என்று 143 கிலோமீட்டர். மீளவிட்டானிலிருந்து மேலமருதூர்வரை 18 கிலோமீட்டர் முடிந்திருக்கிறது. இரைச்சலில் சொன்ன ஒரு வாக்கியத்தில் மிச்சமிருந்த 125 கிலோமீட்டரும் சில நாளைக்கு இல்லாமலே போயிற்று. எழுத்துப் பதிலின் அருமை அப்போது புரிந்தது.

ஆனால் எழுத்திலும் புதன்கிழமைப் பதில்கள் ஒரு தனி ராகம். தமிழ்நாட்டில் எத்தனை ரயில் திட்டம், எவ்வளவு பணம் என்று எந்த உறுப்பினர் கேட்டாலும் பதில் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். ரயில் திட்டங்கள் மாநில எல்லைகளைத் தாண்டிப் போகக்கூடியவை. ஆகவே அவை மண்டலம் வாரியாகத்தான் ஆய்வு செய்யப்பட்டு, ஒப்புதல் பெற்று, நிறைவேற்றப்படுகின்றன. மாநிலம் வாரியாக அல்ல. பூட்டானுக்கு எவ்வளவு என்று தனியாகச் சொல்ல முடிகிற அரசாங்கத்துக்குத் திண்டிவனம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று சொல்லத் தயக்கம்! இந்த முன்னுரையைத் தாண்டிப் பொறுமையாகப் படித்தால், மாநிலக் கணக்கும் கீழேயே இருக்கும். 2024 ஏப்ரல் 1 நிலவரப்படி தமிழ்நாட்டில் முழுதாகவோ பகுதியாகவோ அமையும் திட்டங்கள் 22, நீளம் 2,587 கிலோமீட்டர், அதில் முடிந்தது 665. ஆண்டு ஒதுக்கீடு 2009–14 காலத்தில் சராசரி 879 கோடி, 2025-26ல் 6,626 கோடி. ஏழு மடங்குக்கு மேல் என்பது அமைச்சர் எப்போதும் சொல்லும் கணக்கு, பொய்யில்லை. கூடவே, நிலம் எடுப்பதில் தாமதம், மாநில அரசு ஒத்துழைக்க வேண்டும் என்று ஒரு பத்தி. அதிலும் உண்மை உண்டு. நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுக்க வேண்டியது மாவட்ட நிர்வாகம்தான். ஆனால் அதே பதிலில் சொல்லாத ஒன்று: 2020ஐ ஒட்டிய சில பட்ஜெட்டுகளில் நம் புதிய பாதைகள் பலவற்றுக்குத் தலா 1,000 ரூபாய் ஒதுக்கினார்கள். ஆயிரம் கோடி இல்லை, ஆயிரம் ரூபாய். திட்டம் செத்துப் போகவில்லை என்று கணக்குப் புத்தகத்தில் காட்ட அது போதும். இன்று அந்த ஆயிரத்தில் ஒரு மேஸ்திரிக்கு ஒரு நாள் கூலிகூடக் கொடுக்க முடியாது.

எந்த ஊருக்கு ரயில் கேட்டாலும் கிடைக்கும் பதில் இன்னொன்று. புதிய ரயில் விடுவது தொடர்ந்து நடக்கும் பணி. இயக்க வசதி, வளங்கள், பிற கோரிக்கைகள் ஆகியவற்றைப் பொறுத்தது. இதைப் படித்துவிட்டு ஒருவர் ஆம் என்றும் நினைக்கலாம், இல்லை என்றும் நினைக்கலாம். கேள்வியின் (அ) பிரிவுக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் (ஆ) முதல் (ஈ) வரை 'கேள்வி எழவில்லை' என்று ஒரே வரியில் மூடிவிடவும் வழி இருக்கிறது.

கடிதம் எழுதியவர்களில் பலருக்கு நேரடியாகச் சுடுகிற விஷயம் முதியோர் சலுகை. அறுபது கடந்த ஆண்களுக்கு 40 சதவீதம், 58 கடந்த பெண்களுக்கு 50 சதவீதம் என்று டிக்கெட்டில் தள்ளுபடி இருந்தது. 2020 மார்ச் 20ஆம் தேதி நிறுத்தினார்கள். கொரோனா போயிற்று, சலுகை திரும்பவில்லை. ஸ்லீப்பர், மூன்றாம் வகுப்பு ஏசியிலாவது கொடுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே பரிந்துரைத்தது. எப்போது திரும்பத் தருவீர்கள் என்று உறுப்பினர்கள் கட்சி பேதமில்லாமல் கேட்டுவிட்டார்கள். பதில் இது: 2022-23ல் பயணிகள் டிக்கெட்டில் அரசு தந்த மானியம் 56,993 கோடி, ஒவ்வொரு பயணிக்கும் சராசரி 46 சதவீதத் தள்ளுபடி, நூறு ரூபாய் செலவாகும் பயணத்துக்கு 54 ரூபாய்தான் வாங்குகிறோம், மாற்றுத்திறனாளிகளில் 4 வகையினர், நோயாளிகளில் 11 வகையினர், மாணவர்களில் 8 வகையினருக்குச் சலுகை தொடர்கிறது.

எண்கள் எல்லாம் இருக்கின்றன. எப்போது என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. இதைப் படிக்கும் எழுபது வயதுக்காரருக்கு, கேட்டது தப்போ என்ற குற்ற உணர்ச்சி வருமே தவிர வேறொன்றும் வராது. அந்தச் சலுகையால் ரயில்வே விட்டுக்கொடுத்த வருமானம் 2019-20ல் 1,667 கோடி என்று அவர்களே முன்பொரு பதிலில் சொல்லியிருக்கிறார்கள். பூட்டானுக்கு ஒதுக்கியதைவிட இது குறைவு என்று வாசகர்கள் சுட்டிக்காட்டலாம், சரிதான். ஆனால் இது ரயில்வேயின் சொந்த மூலதன ஒதுக்கீட்டில் நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பூட்டானை எதற்கு இழுக்க வேண்டும்? மனமிருந்தால் ரயில் பவனிலேயே இடமிருந்தது.

வெள்ளிக்கிழமைப் பதில் ஒழுங்காகவும் புதன்கிழமைப் பதில் வழவழவென்றும் இருப்பது ஏன்? குமாஸ்தாக்களின் திறமையில் வித்தியாசம் இருக்காது. பூட்டானுக்குச் சொன்ன தொகை கொஞ்சம் குறைந்தாலும் திம்புவிலிருந்து மறுநாளே விசாரிப்பார்கள். மாலத்தீவில் நாம் விட்ட இடத்தில் சீனா உட்காரும். கணக்கை நினைவில் வைத்திருந்து கேட்க எதிர்ப்பக்கம் ஒரு ஆள் இருக்கிறார். விளாத்திகுளத்துக்கு அப்படி யாரும் இல்லை. கேள்வி கேட்ட உறுப்பினர் பதிலின் நகலைத் தொகுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டால் அவர் வேலை முடிந்தது. நாமும் 'எம்.பி. கேள்வி' என்று இரண்டு பத்தி போட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டுகிறோம்.

விடாமல் பின்தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது, அதுவும் நம் ஊர்க்காரர் சம்பந்தப்பட்டது. எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டதா என்று 1957ல் மக்களவையில் கேள்வி வந்தது. மழுப்பலான பதில் வந்தது. ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி விடவில்லை. நீதிபதி சாக்ளாவின் விசாரணை நடந்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக வேண்டியதாயிற்று. மாமனார் நேரு பிரதமராக இருந்தபோது மருமகன் செய்த காரியம் அது.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மழுப்பலுக்கென்றே ஒரு கமிட்டி இருக்கிறது. அரசு உறுதிமொழிக் குழு என்று பெயர். 1953ல், மாவ்லங்கர் சபாநாயகராக இருந்தபோது மக்களவையில் ஏற்பட்டது. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்", "பரிசீலனையில் உள்ளது" என்பது போன்ற சொற்றொடர்களுக்கு அவர்களிடம் ஒரு பட்டியலே உண்டு. அமைச்சர் வாயிலிருந்து அதில் ஒன்று வந்துவிட்டால் அது வாக்குறுதி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே ஆண்டுக்கணக்கில் இழுப்பவர்களும் உண்டு. என்றாலும் ஒரு குறிப்பேட்டில் அது பதிந்திருக்கும். மேலே சொன்ன இரண்டு ரயில்வே பதில்களையும் இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். 'தொடர்ந்து நடக்கும் பணி' என்றால் வாக்குறுதி இல்லை. 'சராசரி 46 சதவீதம்' என்றாலும் வாக்குறுதி இல்லை. யோசித்து எழுதியவர்கள்தான்.

இந்தப் பதில்கள் எல்லாம் 'சன்சத்' இணையதளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி கிடைக்கின்றன. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தமிழில் இல்லை. அதனால் அடுத்த இதழிலிருந்து 'அவை மேசை' என்று ஒரு பகுதி தொடங்குகிறோம். தமிழ்நாட்டுப் போக்குவரத்தைப் பற்றியோ, அண்டை நாடுகளுக்கான உதவியைப் பற்றியோ வந்த ஒரு பதிலை எடுத்து, கேள்வியையும் பதிலையும் முழுதாகத் தமிழில் போடுவோம். கேட்டவர் எந்தக் கட்சி என்பது சிறிய எழுத்தில் இருக்கும். அதே கேள்வி முன்பு கேட்கப்பட்டிருந்தால் பழைய பதிலும் பக்கத்தில் வரும்.

உங்கள் ஊர்க் கோரிக்கை ஏதாவது அவைக்குப் போயிருக்கிறது என்று தெரிந்தால் எழுதுங்கள். ஸ்டேஷன் பெயர், ரயில் எண், ஏறக்குறைய எந்த ஆண்டு, யார் கேட்டார் என்பது போதும்; தேடுவது எங்கள் பாடு. போகவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள், தொகுதி உறுப்பினருக்கு அனுப்பி வைக்கிறோம். கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும், 15 நாளுக்கு முன்னால் கொடுக்க வேண்டும். ஆகவே தயவுசெய்து பழமொழியை விட்டுவிட்டு, எத்தனை பெட்டி, எந்த ரயிலில், எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்